அஞ்சலைப் பாட்டு

செஞ்சி கடைத்தெருவில் கலியபெருமாள் என்று விசாரித்தால் யாருக்கும் சட்டென்று விளங்காது. கப்பல்காரர் கடை எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, வேப்பமரத்தடியில் வாடகை சைக்கிள் கடை. முன்னால் ஒரு பெஞ்சு. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் வெயிலுக்கு அங்கேதான் வந்து உட்காருவார்கள். பங்ச்சர் ஒட்டிக்கொண்டே கலியபெருமாள் பாடுவார். எல்லாம் கடல் பாட்டு. பாய் விரிக்கிற பாட்டு, நங்கூரம் தூக்குகிற பாட்டு, மழை இருட்டில் கரை தேடுகிற பாட்டு. கடலே இல்லாத ஊரில், பாறை மலைகளுக்கு நடுவே, அந்தக் குரலைக் கேட்டால் காற்றில் உப்பு வாடை வருகிற மாதிரி இருக்கும்.

அவர் கப்பல் ஏறியதே கிடையாது.

பதினாறு வயதில் நைனா அடித்தார் என்று ஓடிப்போனவர், மதராஸ் மண்ணடியில் ஒரு ஓட்டலில் மாவாட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் அதிகமானால் பரிமாறவும் செய்வார். துறைமுகத்துக்குப் பக்கம் என்பதால் கப்பலில் வேலை செய்கிறவர்கள் அங்கே சாப்பிட வருவார்கள். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பாடுவார்கள். ஆட்டுக்கல்லைச் சுற்றிக்கொண்டே அவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருமுறை கேட்டால் பாட்டு அவருக்கு மனசில் ஒட்டிக்கொள்ளும். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியான வருஷம், ஓட்டலை மூடிவிட்டார்கள். ஊர் திரும்பியவரிடம் பஸ் ஸ்டாண்டிலேயே ஒருத்தர் கேட்டார், "இத்தினி நாள் எங்கடா இருந்தே?" என்று. மாவாட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "கப்பல்ல" என்று சொல்லிவிட்டார். எந்தக் கப்பல், எந்த தேசம் என்று கேட்டவர்களுக்குப் பதிலாகப் பாட்டைப் பாடினார். அதற்கப்புறம் யாரும் வேறு எதையும் கேட்கவில்லை. அந்தப் பேரிலேயே கல்யாணம் ஆனது. மனைவி ரஞ்சிதத்தைத் தண்ணீர்க் குழாயடியில் கப்பல்காரர் வீட்டம்மா என்றுதான் சொல்வார்கள்.

அறுபத்தாறாம் வருஷம், மாசி மாதம். மேல்மலையனூரில் மயானக் கொள்ளைத் திருவிழா முடிந்த மறுநாள். அங்காளம்மனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஜனம் முழுக்கச் செஞ்சியில் வந்து இறங்கியிருந்தது. எலுமிச்சம்பழமும் குங்குமமும் வேப்பிலையுமாக ஊரே மஞ்சளும் சிவப்புமாய் இருந்தது. திண்டிவனம் பஸ்ஸும் விழுப்புரம் பஸ்ஸும் வந்த வேகத்தில் நிரம்பிப் போய்க்கொண்டிருந்தன. இடம் கிடைக்காதவர்கள் வேப்பமரத்தடியில் கூடினார்கள்.

பாத்திரக்கடை சொக்கலிங்கம் கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "கப்பல்காரரே, வெளியூர் ஜனம் வந்திருக்குது. நம்மூர் பெருமையக் கொஞ்சம் எடுத்து வுடுங்க" என்றார்.

கலியபெருமாள் கையைத் துடைத்துக்கொண்டு அஞ்சலைப் பாட்டை எடுத்தார். அதுதான் அவருடைய பாட்டுகளிலேயே பேர் போனது.

*அலை வந்து கால நனைச்சா
அஞ்சலை நெனப்பு வரும்
அந்தி சாஞ்சு நெலா வந்தா
ஆத்தோர வூடு வரும்
ஏலேலோ, கடலூரு அஞ்சலையே*

*உப்பனாத்து முகத்துல நீ
உலைவெச்சுக் காத்திருப்பே
ஒம்போது கடல் தாண்டினாலும்
உங்கையிச் சோறு திம்பேன்
ஏலேலோ, கடலூரு அஞ்சலையே*

இந்த அஞ்சலை யார் என்று ஊரில் ஒரு பழைய கேலி உண்டு. ரஞ்சிதத்துக்குத் தெரியாமல் கடலூரில் ஒரு குடும்பம் இருக்கிறது என்பார்கள். கலியபெருமாளும் சிரித்து மழுப்புவார். அஞ்சலை என்று உண்மையிலேயே ஒருத்தி இருப்பாள் என்று ஒரு நாளும் அவர் நினைத்ததில்லை. அவருக்கு அது பாட்டில் வருகிற ஒரு பேர். அவ்வளவுதான்.

பாட்டு முடிந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு ஆள் முன்னால் வந்தார். ஒல்லியான உடம்பு. இரண்டு முழங்கையிலும் பழைய தீக்காயத் தழும்பு. அவருக்குப் பின்னால் மஞ்சள் துணி கட்டிய செம்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை நின்றாள். நெற்றி நிறையக் குங்குமம், காதோரம் நரை.

"அண்ணா, அந்தப் பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அந்த ஆள்.

"கப்பல்ல பாடினதுதான்."

"தாண்டவராயன்கூட இருந்தீங்களா? எந்தக் கப்பல்ணா? எந்த வருஷம்?"

அந்தப் பேரைக் கேட்டதும் கலியபெருமாளுக்கு ஆள் ஞாபகம் வந்துவிட்டது. தாண்டவராயன். ஓட்டலில் மூலை மேசையில் உட்கார்ந்து தாளம் போட்டுப் பாடுகிற ஆள். கேட்டவருடைய குரலில் இருந்தது ஆசை. எப்படியாவது ஒரு சேதி கிடைக்காதா என்கிற தவிப்பு. கலியபெருமாளின் காதில் அது போலீஸ்காரன் கேள்வி மாதிரி விழுந்தது.

"தாண்டவராயனா? அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே. இது நான் கட்டுன பாட்டு."

"இல்லீங்கண்ணா. இது அவன் கட்டுனது. அவன் கட்டும்போது நான் பக்கத்துல இருந்தேன்."

சொக்கலிங்கம் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "நீ யாருப்பா?"

"துரைக்கண்ணுங்க. கடலூர் ஓ.டி., பழைய டவுனு. நானும் கப்பல்ல இருந்தவன்தான்."

எல்லோரும் கலியபெருமாளைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் அவர் பேசாமல் இருந்திருக்கலாம். கடைக்குள் போயிருக்கலாம். ஆனால் அவர் சிரித்தார்.

"கப்பல்ல இருந்தவரா? நல்லதாப் போச்சு. அப்ப நீங்க ஒரு பாட்டுப் பாடுங்க. ஜனம் கேக்கட்டும்" என்றார்.

"எனக்குப் பாட்டு வராதுண்ணா."

"கப்பல்காரனுக்குப் பாட்டு வராதா?" என்றார் சொக்கலிங்கம். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"சரி, பாட்டு வேணாம். எந்தெந்த ஊரு பாத்தே, அதச் சொல்லு" என்றான் மணிலாக்கொட்டை மண்டியில் வேலை பார்க்கிற பச்சமுத்து.

துரைக்கண்ணு யோசித்தார். "ஊரெல்லாம் அவ்வளவாப் பாக்கலீங்க. நான் கீழ இருந்தேன். அடுப்புக்கு நிலக்கரி அள்ளிப் போடற வேலை. மேல வந்தாலும் தூக்கம்தான் வரும்."

"கப்பல்ல போனாராம், கடலப் பாக்கலியாம்" என்று யாரோ சொல்ல, கூட்டம் ஓவென்று சிரித்தது.

"புயல் வந்துச்சா?"

"வந்துச்சு."

"இன்னா பண்ணே?"

"பயந்துபோய்ப் படுத்துக் கெடந்தோம்."

இதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. துரைக்கண்ணு அந்தச் சிரிப்பைப் புரிந்துகொள்ளாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் கலியபெருமாளைப் பார்த்தார். நீங்களாவது சொல்லுங்கள், நீங்களும் இருந்தவர்தானே என்று கேட்கிற பார்வை.

கலியபெருமாள் பக்கத்திலிருந்த சைக்கிள் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். "இந்த மாதிரி ஆளுங்க பஸ் ஸ்டாண்டுல நாலு பேர் இருப்பாங்க. வுடுங்க, பாவம்" என்றார்.

துரைக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். தோளிலிருந்த துண்டைச் சரிசெய்தார். "சரிண்ணா. தெரியாமக் கேட்டுட்டேன்" என்றார். பிறகு பின்னால் திரும்பி, "வா அஞ்சல, போலாம்" என்றார்.

கலியபெருமாளின் கை சக்கரத்தின் மேலேயே நின்றுவிட்டது.

"பாத்தீங்களா, பாட்டுல வர்ற பேரையே வெச்சுக் கூப்புடறான். கைகாரன்தான்" என்றான் பச்சமுத்து. அந்தப் பெண்பிள்ளை கலியபெருமாளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. கேட்க வந்த ஒன்றைக் கேட்காமலே திரும்புகிறவளின் முகம். இருவரும் ரோட்டைத் தாண்டிப் போய்க் கூட்டத்தோடு கூட்டமாகத் திண்டிவனம் பஸ்ஸில் ஏறினார்கள். பஸ் கிளம்பிப் போனது.

"அடுத்த பாட்டு" என்றார் சொக்கலிங்கம்.

கலியபெருமாள் வாயைத் திறந்தார். முதல் அடி வந்தது, இரண்டாவது அடி வரவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போய் டயர்களுக்கு நடுவே உட்கார்ந்தார். வெளியே ஜனங்கள் இன்னும் துரைக்கண்ணுவைப் பற்றியே பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பயந்துபோய்ப் படுத்துக் கெடந்தோம் என்று பச்சமுத்து அதே குரலில் சொல்லிக் காட்டினான். ஒவ்வொரு சிரிப்புக்கும் அவருக்குக் காது மடல் சுட்டது. போனவர்கள் போனவர்கள்தான், இனி இந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். அது ஆறுதலாக இல்லை.

கடையில் இருந்ததிலேயே நல்ல சைக்கிளை எடுத்தார். யாரிடமும் சொல்லவில்லை. திண்டிவனம் ரோட்டில் மிதிக்க ஆரம்பித்தார்.

வல்லம் தாண்டுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. எதிரே வந்த பஸ் டிரைவர் அடையாளம் கண்டு ஹாரன் அடித்தார், "எங்க கப்பல்காரரே" என்று கத்திக்கொண்டே போனார். தீவனூரில் இறங்கிக் குழாயில் தண்ணீர் குடித்தார். அவர்களைப் பிடிக்க முடியாமல் போனால் நல்லது என்றும் ஒரு பக்கம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இன்னும் வேகமாக மிதித்தார்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவர்கள் இருந்தார்கள். கடலூர் பஸ் இன்னும் வரவில்லை. துரைக்கண்ணு தரையில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார். அஞ்சலை தூணில் சாய்ந்திருந்தாள். சைக்கிளைச் சாய்த்துவிட்டு மூச்சு வாங்க வந்து நின்றவரைப் பார்த்ததும் துரைக்கண்ணு எழுந்தார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, அஞ்சலைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். கலியபெருமாளுக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை.

"தாண்டவராயனை எனக்குத் தெரியும்" என்றார்.

அஞ்சலை தூணை விட்டு நிமிர்ந்தாள். "அவரு கூட இருந்தீங்களா?" அன்றைக்கு அவள் குரலை அப்போதுதான் கேட்டார். "கப்பல் முழுகிப்போச்சா? நீங்க பாத்தீங்களா? ரங்கூன்ல குடும்பம் வெச்சிருக்காரு, அதான் வரலன்னு எங்க மாமியார் வூட்டுல சொல்றாங்க. இருபத்தி நாலு வருஷமாச் சொல்றாங்க. நான் இந்தக் குங்குமத்த வெக்கறதா அழிக்கறதான்னு அம்மனைத்தான் கேட்டுட்டு வரேன். நீங்க கூட இருந்தீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் போதும் என்று கலியபெருமாளுக்குப் புரிந்தது. ஆமாம்மா, நான் பார்த்தேன், கப்பல் முழுகிவிட்டது, கடைசிவரைக்கும் உன் பேரைத்தான் சொன்னார். அவ்வளவுதான். அவளுக்கும் மனசு ஆறும், அவரும் கப்பல்காரராகவே திரும்பலாம். சொல்ல வேண்டிய வார்த்தைகள் எல்லாம் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. இத்தனை வருஷம் பழகிய நாக்கு.

"இல்லம்மா" என்றார். "நான் கப்பலே ஏறினது கிடையாது. மண்ணடியில ஒரு ஓட்டல்ல மாவாட்டிகிட்டு இருந்தேன். அவரு அங்க சாப்பிட வருவாரு. பாட்டு அவரு பாடினது. நான் கேட்டுக் கத்துக்கினேன். என்னோடதுன்னு சொல்லிக்கினேன்."

அஞ்சலையின் முகத்தில் ஏற்றிவைத்த விளக்கு அணைந்த மாதிரி இருந்தது. தூணில் மறுபடி சாய்ந்துகொண்டாள்.

துரைக்கண்ணு மெதுவாகச் சொன்னார். "எனக்குக் கை வெந்துபோய் ஆஸ்பத்திரியில கெடந்தேன். அவன் மட்டும் வேற கப்பல்ல ஏறிட்டான். சண்டைக் காலம். அதோட சேதியே இல்ல. உங்க பாட்டக் கேட்டதும் எந்தங்கச்சிதான் மொதல்ல எழுந்தா. அவருதான் பாடறாருன்னு நெனச்சு வந்தா." நிறுத்தினார். "கூட்டத்துல நான் கேட்டப்பவே இதச் சொல்லியிருந்தீங்கன்னா, என்னப் பாத்து ஊரே சிரிச்சத அவ பாத்திருக்க மாட்டாண்ணா. எனக்கு ஒண்ணும் இல்ல. அவ பாத்துட்டா."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லக்கூடக் கலியபெருமாளுக்கு வாய் கூசியது. சைக்கிளின் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அஞ்சலைதான் கேட்டாள். "கடைசியா வந்தப்ப, சாப்ட்டாரா?"

"ம்?"

"கப்பல் ஏறப் போனாரே, அன்னிக்கி. சாப்ட்டுட்டுத்தான் போனாரா?"

"சாப்ட்டாரும்மா. நான்தான் பரிமாறினேன். சோறு, முருங்கக்கா சாம்பார். ரெண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்ட்டாரு. சிரிச்சிகினுதான் போனாரு."

அவள் அதை மனசுக்குள் வாங்கிக்கொள்கிறவள் மாதிரிக் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு, "பாட்டு அவ்வளவுதானா? இன்னும் இருக்குதா?" என்றாள்.

இருந்தது. மூன்றாவதாக ஒரு சரணம் இருந்தது. செஞ்சிக்குத் திரும்பி வந்த புதிதில் ஒருமுறை அதைப் பாடினார். சோகமாக இருக்கிறது, வேண்டாம் என்றார்கள். அதோடு விட்டுவிட்டார். விட்டதை மறந்தும்விட்டார்.

"இருக்குதும்மா."

"பாடாதீங்க. சொல்லுங்க."

பஸ் ஸ்டாண்டு இரைச்சலில், பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிக்கிற மாதிரி, ராகம் இல்லாமல் கலியபெருமாள் சொன்னார்.

*வராமப் போனா அஞ்சலையே
வழியப் பாத்து நிக்காதே
வயசிருக்கு வாழ்விருக்கு
வாசலச் சாத்தி வெக்காதே*

துரைக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் இந்தச் சரணம் தெரியாது போலிருக்கிறது. அஞ்சலை முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னார். அவளுடைய உதடு கூடவே அசைந்தது. காதோரத்து நரை காற்றில் பறந்துகொண்டிருந்தது. அந்த நரையைப் பார்த்தபோதுதான் கலியபெருமாளுக்கு முழுதாக உறைத்தது. கடலூர் என்று ஊர் தெரியும், அஞ்சலை என்று பேர் தெரியும், தினம் ஒரு தரம் பாடியும் இருக்கிறார். நாலு மணி நேரப் பஸ் தூரத்தில் அவள் காத்திருக்க, அவளுக்கென்று ஒருத்தன் சொல்லிவிட்டுப் போனதை வேண்டாம் என்று வெட்டிப் போட்டுவிட்டு, மீதியை ஊருக்குப் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்.

கடலூர் பஸ் வந்தது. துரைக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டார். "வரோம்" என்று மட்டும் சொன்னார். அஞ்சலை படியில் ஏறியவள் திரும்பி, "அந்த ஓட்டல்ல கடன் எதுனா வெச்சாரா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. ஒண்ணும் வெக்கல."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

கலியபெருமாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் மிதித்துக்கொண்டும் செஞ்சி வந்து சேர்ந்தார். மறுநாள் காலையில் ரஞ்சிதம் கஞ்சி வைத்துக் கொடுத்தபோது எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கல்யாணத்தப்ப பினாங்குல வாங்கினேன்னு ஒரு சங்கு குடுத்தீங்களே?"

"மதராஸ் மூர் மார்க்கெட்டுல வாங்கினது."

அவள் எழுந்து சாமி மாடத்தில் இருந்த சங்கை எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, உப்புப் பானைக்குப் பின்னால் வைத்தாள். அன்று முழுவதும் அவரோடு பேசினாள்தான், சாப்பாடும் போட்டாள். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைக்குப் போனதும் சொக்கலிங்கத்திடம் சொன்னார். அவர் முதலில் நம்பவில்லை. "கப்பல்காரருக்கு இன்னிக்கி இன்னா ஆச்சு" என்று சிரித்தார். கலியபெருமாள் ஓட்டல் முதலாளி பேர், ஆட்டுக்கல் இருந்த இடம், எல்லாம் சொன்ன பிறகுதான் சிரிப்பை நிறுத்தினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"இருக்கட்டும். இதெல்லாம் வெளிய சொல்லிக்கினு இருக்காதீங்க."

"ஏன்?"

"அந்த ஆளப் பாத்து சிரிச்சது நீங்க மட்டுமா? நான் சிரிச்சேன். பச்சமுத்து சிரிச்சான். அந்தப் பொம்பள எதுக்க வெச்சு சிரிச்சோம். இப்ப நீங்க போய் அவன்தான் நெசம்னு சொன்னா, நாங்க எங்க மூஞ்ச வெச்சுக்கறது? அவங்கதான் போய்ட்டாங்களே. வுடுங்க."

கலியபெருமாள் விடவில்லை. பச்சமுத்துவிடம் சொன்னார். டீக்கடையில் சொன்னார். சிலர் தமாஷ் என்றார்கள். சிலர் பேச்சை மாற்றினார்கள். ஒருத்தர், "வயசாயிட்டா இப்படித்தான், தன்னையே தாழ்த்திப் பேசுவாங்க" என்று பெருமையாகவே சொன்னார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

பாடுவதை அவர் நிறுத்திவிட்டார். தொண்டை போய்விட்டது என்று ஊரே காரணம் கண்டுபிடித்துக்கொண்டது. அவலூர்பேட்டையிலிருந்து சொந்தக்காரர் ஒருத்தர் நாட்டுமருந்துகூட வாங்கி வந்து கொடுத்தார். அதையும் மறுக்கத் தெரியாமல் வாங்கிக் குடித்தார். பேர் மட்டும் போகவில்லை. கப்பல்காரரே, காத்து கம்மியா இருக்குது என்று சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். புதிதாக வருகிறவர் யாராவது, எந்தக் கப்பலில் இருந்தீர்கள் என்று கேட்டால், "மண்ணடி ஓட்டல்ல மாவாட்டினேங்க" என்பார். கேட்டவர் சிரிப்பார். அவர் குனிந்து பம்ப்பை எடுப்பார்.